கொங்கு நாட்டுச் சபைகளில் வாலிபர் பணியும் வீட்டில் நடக்காத பேச்சும்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு கோவைத் தேவாலய வாசல்களில் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பேனர் ஏறிவிடும். சில நாட்கள் பாட்டு, கதை, கைவேலை. கடைசி நாளில் பெற்றோர் முன்னிலையில் மேடை நிகழ்ச்சி. அதோடு நிற்பதில்லை. வாலிபர் முகாம், வாலிபர் ஞாயிறு, வேதாகம வினாடி வினா, மனப்பாட வசனப் போட்டி, டிசம்பரில் வீடு வீடாகக் கேரல் பவனி என்று நாள்காட்டி நிரம்பியிருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் மறைக்கல்வி வகுப்பு, உறுதிபூசுதல் தயாரிப்பு, இளைஞர் இயக்கக் கூட்டம், தவக்காலத் தியானம். பெந்தெகொஸ்தே சபைகளில் கிட்டாரும் டிரம்ஸும் சாட்சி நேரமுமாக வாலிபர் கூடுகை. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை என்று சபைகள் சொன்னால் அதை மறுக்க முடியாது.

ஆனால் அதே பிள்ளை வீட்டுக்கு வந்து, "ஏனுங்கப்பா, அம்மிச்சிக்கு அத்தன பேரு ஜெபம் பண்ணியும் ஏன் பொழைக்கல?" என்று கேட்டால் என்ன நடக்கிறது? பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் நடப்பதில்லை. "அதெல்லாம் அப்படிக் கேக்கப்படாது சாமி, போய்ப் படி" என்பதோடு முடிந்துவிடுகிறது. சபை பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது, வீடு பிள்ளைகளோடு என்ன பேசுகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சபையில் நிகழ்ச்சிகள் ஏராளம், வீட்டில் பேச்சு அரிது. அங்கே ஏராளமாக இருப்பதே இங்கே அரிதாகிப் போனதற்கு ஒரு காரணம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரிய வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் அது ஏறத்தாழ 47 சதவீதம். கொங்கு மாவட்டங்களில் அவர்கள் சிறு கூட்டம். ஆனாலும் வரலாறு சிறியதல்ல. 1623இல் ராபர்ட் தெ நோபிலி மதுரையிலிருந்து சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா ஆலயத்தின் கதை பதினேழாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. லண்டன் மிஷனரி சங்கம் 1827இல் சேலத்திலும் 1830இல் கோவையிலும் பணி தொடங்கியது. கோவை கத்தோலிக்க மறைமாவட்டம் 1886இல் அமைந்தது. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாகி, மூன்றே ஆண்டில் கோவைக்குத் தனிப் பேராயம் வந்தது. திருச்சி சாலையில் இராமநாதபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சீரோ மலபார் மறைமாவட்டம் ஏற்பட்டது 2010இல். சிறுவாணிச் சாலையில் டி.ஜி.எஸ். தினகரன் 1986இல் தொடங்கிய காருண்யா கல்வி நிறுவனம், ஒரு தலைமுறை இளைஞர்களின் ஜெப மொழியையே மாற்றியது.

இவர்களில் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் கிராமச் சபையார் உண்டு. ஆலை வேலைக்கும் ஆசிரியர் வேலைக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவிலிலிருந்து வந்தவர்கள் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் தாண்டி வந்த மலையாளக் குடும்பங்கள் உண்டு. நாகர்கோவில் பிள்ளைக்குத் தெருவே சபை. விசுவாசம் காற்றோடு வரும், பேசிக் கொடுக்க வேண்டியதில்லை. ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ படிக்கும் பிள்ளைக்கு வகுப்பில் ஐம்பது பேரில் தன்னைப் போல் இன்னொருவர் இருந்தால் அதிகம். "நீங்க ஏன் பொட்டு வைக்கிறதில்ல?" என்ற கேள்விக்கு அது ஆறாம் வகுப்பிலேயே பதில் தேட வேண்டும். ஆக, தெற்கிலிருந்து வந்த பெற்றோர் தாங்கள் வளர்ந்தபடியே பிள்ளையும் தானாக வளரும் என்று எதிர்பார்ப்பது கணக்கில் பிழை. தங்களுக்கு ஊர் செய்த வேலையை இங்கே அவர்களேதான் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1998 பிப்ரவரி 14 கோவைத் தொடர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, மதத்தைப் பற்றி வெளியில் வாய் திறக்காதே என்பது கோவையில் பல வீடுகளின் எழுதாத விதி ஆகிவிட்டது. வெளியே பேசாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளை வீட்டுக்குள்ளும் பேசுவதில்லை.

வாலிபர் பணி என்று நாம் இன்று சொல்பவை பெரும்பாலும் கப்பலில் வந்தவை. ஞாயிறு பள்ளியை 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் பரவலாக்கினார். ஒய்.எம்.சி.ஏ. 1844இல் லண்டன் கடைகளில் வேலை பார்த்த இளைஞர்களுக்காகப் பிறந்தது. கிறிஸ்தவ முயற்சி சங்கம் 1881இல் அமெரிக்காவில். விடுமுறை வேதாகமப் பள்ளி அந்த நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க் தெருப் பிள்ளைகளுக்காக. ஜோசப் கார்டின் பெல்ஜியத்தில் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் 1925இல் உறுதியான வடிவம் பெற்றது. இவற்றில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. ஆறு நாளும் வேலைக்குப் போன பிள்ளை, ஊரை விட்டுத் தனியே வந்த இளைஞன், தெருவில் திரிந்த சிறுவன் என, வீடு கைகொடுக்க முடியாத பிள்ளைகளுக்காகவே இவற்றில் பெரும்பாலானவை ஏற்பட்டன. வீட்டுக்கு மாற்றாக வந்த ஏற்பாட்டை, வீடு நன்றாக இருக்கும் குடும்பங்களும் எடுத்துக்கொண்டன. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரும் சபையில் இருக்கிற பிள்ளையை, பெற்றோர் இல்லாத பிள்ளையைப் போலத் தனி அறைக்கு அனுப்பி அங்கே விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம். இது ஏன் என்று யாரும் நின்று யோசித்ததாகத் தெரியவில்லை.

கொங்கு நாட்டில் வேறொரு வழியும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரோட்டில் பணியாற்றிய மிஷனரி எச்.ஏ. பாப்லி கர்நாடக இசை கற்றவர், இந்திய இசை பற்றி 1921இல் நூல் எழுதியவர், திருக்குறளின் தேர்ந்தெடுத்த பகுதிகளை ஆங்கிலத்தில் தந்தவர். அவர் கைக்கொண்டது கதாகாலட்சேபம். வயதுவாரியாகப் பிரித்து நடத்தும் சமாசாரமல்ல அது. ராத்திரிச் சாப்பாடு முடித்து அப்பாரும் ஆத்தாளும் பேரனும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்பது. ஒரே கதையைக் கேட்டவர்களுக்கு மறுநாள் களத்திலும் கட்டுத்தறியிலும் பேச ஒரு பொருள் இருக்கும். இன்று அப்பா ஒரு பிரசங்கம் கேட்கிறார், மகன் வாலிபர் கூடுகையில் வேறொன்று கேட்கிறான், மகள் யூடியூபில் மூன்றாவதைக் கேட்கிறாள். மூன்றும் ஒரே காரில் வீடு திரும்புகின்றன, ஒன்றோடொன்று சந்திக்காமல்.

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே விசுவாசம் எப்படிக் கைமாறுகிறது என்பதற்குக் கோவையிடமே ஒரு நல்ல சான்று இருக்கிறது. கோவைப் பேராயத்தின் முதல் பேராயர் ஏ.ஜே. அப்பாசாமி. 1891இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். 1950இல் இங்கே பேராயரானார். அவருடைய தந்தை சைவக் குடும்பத்திலிருந்து இளைஞராக இருக்கும்போதே கிறிஸ்தவரானவர், வழக்கறிஞர். மதம் மாறியவர்களில் பலர் விட்டுவந்த வீட்டின் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை. இவர் அப்படி இல்லை. பழைய பக்தியின் சுவையைக் கடைசிவரை விடாதவர். யோக முறைத் தியானத்தைக் கிறிஸ்தவ ஜெபத்தோடு சேர்த்துப் பார்த்தவர். மகன் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் யோவான் நற்செய்தியையும் பக்தி மார்க்கத்தையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தார். 1927இல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூலின் தலைப்பே கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கம் என்றது. பாளையங்கோட்டை வீட்டில் தந்தை தேடியதற்கும் ஆக்ஸ்ஃபோர்டில் மகன் எழுதியதற்கும் உறவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. தந்தை பதில்களை மட்டும் மகனுக்குக் கொடுத்திருந்தால் அந்த ஆய்வு பிறந்திருக்காது. தன் தேடலையும் ஒளிக்காமல் கொடுத்தார்.

இதே அப்பாசாமி சாது சுந்தர் சிங்கைப் பற்றி இரண்டு முறை எழுதினார்: 1921இல் பி.எச். ஸ்டிரீட்டருடன் சேர்ந்து, 1958இல் தனியாக வாழ்க்கை வரலாறாக. தமிழ்நாட்டு ஞாயிறு பள்ளிகளில் சுந்தர் சிங் கதை தெரியாத பிள்ளை இருக்காது. பஞ்சாபின் சீக்கிய வீட்டுப் பையன். பதினான்கு வயதில் தாயை இழந்தவன். கோபத்தில் வேதாகமத்தைக் கொளுத்தியவன். 1904 டிசம்பரில் கண்ட தரிசனத்துக்குப் பின் தந்தையின் சொல்லை மீறி, வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டு, பதினாறாவது பிறந்தநாளில் ஞானஸ்நானம் பெற்றவன். இதை நம் சபைகள் வீரக் கதையாகவே சொல்லிவருகின்றன. பதினைந்து வயதில் தந்தையின் மார்க்கத்தைக் கேள்வி கேட்ட பையன் அங்கே நாயகன். அதே பதினைந்து வயதில் நம் வீட்டுப் பையன் நம் மார்க்கத்தைக் கேள்வி கேட்டால் "பின்வாங்கிப் போயிட்டான்" என்று ஜெபக் குறிப்பில் பேர் எழுதுகிறோம். பிள்ளைகள் இந்த முரணைக் கவனிக்காமல் இல்லை; நம்மிடம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வெளிநாட்டு ஆய்வுகள் இதில் என்ன சொல்கின்றன? அமெரிக்காவில் கிறிஸ்டியன் ஸ்மித் தலைமையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரிடம் நடத்திய ஆய்வு 2005இல் நூலாக வந்தது. பதின்வயதினரின் சமய வாழ்வைத் தீர்மானிப்பதில் நண்பர்களையும் ஊடகத்தையும் விடப் பெற்றோருக்கே பெரிய பங்கு என்பது அதன் முக்கிய முடிவு. அதில் வந்த இன்னொரு செய்திதான் என்னை அதிகம் உறுத்தியது. நீ எதை நம்புகிறாய், அது உன் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்று ஒரு பெரியவர் தங்களிடம் கேட்டது அந்தப் பேட்டியில்தான் முதல் தடவை என்று பல பிள்ளைகள் சொன்னார்கள். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போன பிள்ளைகளும் அதில் உண்டு. வெர்ன் பெங்ட்சன் தெற்குக் கலிபோர்னியாவில் 1970 முதல் பல தலைமுறைக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2013இல் எழுதிய நூல் இன்னும் நுணுக்கமானது. பெற்றோர், குறிப்பாகத் தந்தை, பிள்ளையிடம் ஒட்டுதலாக இருந்த குடும்பங்களில் விசுவாசம் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. தந்தை பக்தியில் எவ்வளவு உறுதியானவராக இருந்தாலும் பிள்ளையோடு ஒட்டாதவர் என்றால் அந்த உறுதி கைமாறுவதில்லை. ஏமி ஆடம்ஸிக்குடன் சேர்ந்து ஸ்மித் 2021இல் எழுதிய நூல், வாரத்தின் சாதாரண நாட்களில் வீட்டில் சமயம் இயல்பாகப் பேச்சில் வருகிறதா என்பதை முக்கியமான அடையாளமாக வைக்கிறது.

அமெரிக்காவின் முடிவை அப்படியே அவினாசிக்கு இறக்குமதி செய்ய முடியாது. அங்கே பிள்ளை பதினெட்டில் வீட்டை விட்டுப் போகும். இங்கே கல்யாணம்வரை, சில சமயம் அதற்குப் பிறகும், கூடவே இருக்கும். அங்கே பெற்றோர் இருவர்தான். இங்கே அம்மிச்சியும் அத்தையும் பெரியப்பாவும் பேச்சில் பங்காளிகள். தீமோத்தேயுவின் விசுவாசத்தைச் சொல்லும்போது பவுல் அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறார். நம் ஊருக்கு அந்த வரிசை இன்னும் பொருந்தும். அப்பாவிடம் கேட்க முடியாததைப் பிள்ளை அம்மிச்சியிடம் கேட்கிறது; அவர் தத்துவம் பேசாமல் தன் கஷ்ட காலத்துக் கதையைச் சொல்கிறார். கேள்விக்கு அது நேர்ப் பதில் ஆகாது. ஆனால் பிள்ளையைத் துரத்துவதும் இல்லை. ஆக, வெளிநாட்டு ஆய்வுகளில் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றுதான்: பேச்சு வீட்டில் நடக்க வேண்டும், ஒட்டுதலோடு நடக்க வேண்டும்.

அது ஏன் நடப்பதில்லை என்பதற்குக் கொங்கு நாட்டின் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் தமிழ்நாடு முழுவதும் பிள்ளைகளை ஈர்த்தவை. பிராய்லர் பள்ளிகள் என்று மக்கள் வைத்த பேர் எல்லோருக்கும் தெரியும். மதிப்பெண் என்பது பணம் கட்டி, நல்ல இடமாகப் பார்த்துச் சேர்த்துவிட்டால் வந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே வேரூன்றியிருக்கிறது. விசுவாசத்தையும் பெற்றோர் அதே கணக்கில் போட்டுவிட்டார்கள். கணக்குக்கு ஒரு சார், கெமிஸ்ட்ரிக்கு ஒரு சார், ஆண்டவருக்கு ஒரு பாஸ்டர். ஞாயிறு பள்ளியில் விட்டுவிட்டு அப்பா கறிக்கடைக்குப் போகிறார். சபையும் டியூஷன் சென்டரின் இலக்கணத்தையே பின்பற்றுகிறது. வருகைப் பதிவு, மனப்பாடம், போட்டி, பரிசு, ஆண்டு விழா. எத்தனை வசனம் தெரியும் என்பதற்குப் பரிசு உண்டு. எந்த வசனம் புரியவில்லை என்பதற்கு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், நிஜ டியூஷன் வந்ததும் ஞாயிறு பள்ளி தோற்றுப்போகிறது. 2017 முதல் தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் கட்டாயமான பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்புகள் பெருகின. பத்தாம் வகுப்பு வந்ததும் "இந்த ரெண்டு வருஷம் மட்டும்" என்று பிள்ளைக்குச் சபையிலிருந்து விடுப்பு தருவது விசுவாசமுள்ள பெற்றோரேதான். வாழ்க்கையில் எது முக்கியம் என்பதைப் பற்றி அந்த வீடு பிள்ளையோடு நடத்திய மிகத் தெளிவான உரையாடல் அந்த விடுப்புதான். கத்தோலிக்கரிடையே இதற்கு இன்னொரு முகம். உறுதிபூசுதல்வரை மறைக்கல்விக்கு ஒழுங்காக வந்த பிள்ளை, எண்ணெய் பூசிய மறு வாரமே காணாமல் போகிறது. சான்றிதழ் வாங்கியாயிற்று, வகுப்பு எதற்கு? தென்னிந்தியத் திருச்சபையில் திடப்படுத்தலுக்கும் ஏறக்குறைய அதே கதி.

வீட்டில் ஜெபமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. குடும்ப ஜெபம் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலை, அன்பியக் கூட்டம். ஆனால் குடும்ப ஜெபத்தில் பேசுவது ஒருவர். மற்றவர்கள் ஆமென் சொல்கிறவர்கள். அதிலும் சில அப்பாக்கள் மகனிடம் நேரில் சொல்ல முடியாததை எல்லாம் ஆண்டவரிடம் சொல்வார்கள்: "ஆண்டவரே, இந்தப் பையனுக்கு நல்ல புத்தியக் கொடும், அந்தப் போனை விட்டு அவனை விடுதலையாக்கும்." மகன் கண்ணை மூடியபடி பல்லைக் கடிப்பான். எபேசியர் ஆறாம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்கள், பிள்ளைகளுக்கானவை, எல்லாப் பெற்றோருக்கும் மனப்பாடம். தகப்பன்மாருக்கான நான்காம் வசனம் ஏனோ போட்டிக்கு வருவதில்லை.

இனி பிள்ளைகள் உண்மையில் கேட்கும் கேள்விகளுக்கு வருவோம். பரிணாமமும் படைப்பும் பற்றியே இளைஞர்கள் குழம்புகிறார்கள் என்று முகாம் பேச்சாளர்கள் நினைக்கிறார்கள். கொங்குப் பிள்ளையின் கேள்வி பெரும்பாலும் தட்டிலும் தெருவிலும் சான்றிதழிலும் இருக்கிறது.

தட்டு முதலில். ஆயுத பூஜை அன்று கோவையில் லேத் பட்டறையும் பவுண்டரியும் பம்ப் கம்பெனியும் சந்தனம் பூசி நிற்கும். பொரியும் சுண்டலும் வீடு தேடி வரும். கிறிஸ்தவப் பட்டறைக்காரரின் மகன் அதைச் சாப்பிடலாமா? கத்தோலிக்கப் பங்கில் ஆலய வளாகத்திலேயே பொங்கல் வைக்கிறார்கள். அடுத்த தெரு பெந்தெகொஸ்தே சபையில் பொங்கலே கூடாது என்கிறார்கள். இரண்டு சபைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில். இந்தக் கேள்வியைக் கொரிந்து சபையாரும் கேட்டார்கள். படைத்த உணவைப் பற்றிப் பவுல் தம் முதல் நிருபத்தில் எட்டாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் நீளமாக, நிதானமாக, பக்கத்தில் இருக்கிறவனின் மனசாட்சியையும் எண்ணிப் பேசுகிறார். அந்த நிதானத்தில் பத்தில் ஒரு பங்கு நம் பதில்களில் இருந்தாலே போதும். "தொடாதே" என்பதும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சாப்பிடு" என்பதும் பேச்சை முடிக்கும் இரண்டு வழிகள்.

அடுத்தது சாதி. 2015இல் கோகுல்ராஜ் கொலை, 2016இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கர் கொலை: இரண்டும் இந்த மண்ணில் நடந்த சாதி ஆணவக் கொலைகள், இந்தப் பிள்ளைகளின் போனில் ஓடியவை. "சபையில எல்லாரும் ஒண்ணுன்னு சொல்றீங்க, அப்புறம் அக்காவுக்கு ஏன் நம்ம ஆளுகளாப் பாக்கறீங்க?" என்ற கேள்விக்கு வாலிபர் கூடுகையிலும் பதில் இல்லை, வீட்டிலும் இல்லை. கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களில் சபைப் பிரிவுக்குப் பக்கத்தில் சாதியும் வருகிறது. பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.

மூன்றாவதே மிகக் கடினமானது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை, தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். கொங்குக் கிராமச் சபைகளில் அருந்ததியர், ஆதிதிராவிடர் குடும்பங்கள் கணிசம். அருந்ததியருக்கு 2009இல் 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்த பிறகு சான்றிதழின் மதிப்பு இன்னும் கூடியது. ஆக, ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் இன்னொரு பெயர் என்று பல வீடுகள் வாழ்கின்றன. உண்மை பேச வேண்டும் என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பெண், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து விண்ணப்பம் நிரப்பும்போது மதம் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்துகிறாள். அவளுடைய அம்மா என்ன சொல்வார்? இந்த வீடுகளைக் கபடம் என்று திட்டுவது எளிது. திட்டுகிறவர்களுக்கு அந்தச் சான்றிதழின் அவசியம் இருந்ததில்லை. மதம் மாறினால் தீண்டாமை மாறிவிடும் என்று நினைத்து எழுதிய சட்டம், மாறாத தீண்டாமையையும் அவர்களையே சுமக்க வைத்திருக்கிறது. 2022இல் ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதற்கென ஆணையம் அமைத்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரி வழக்கொன்றில், கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கோருவதை ஏற்க மறுத்தது. கொங்கு நாட்டில் பெற்றோரும் பிள்ளையும் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டிய விசுவாசக் கேள்வி என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான். எந்த வி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் இது வராது. போதகர்கள் மேடையில் தொடமாட்டார்கள். தொட்டால் சபையில் பாதிப் பேருக்குச் சங்கடம். அந்தச் சங்கடத்தைப் பதினேழு வயதுப் பெண் தனியாகத் தாங்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

நூற்பாலை விடுதிகளில் இருக்கும் பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். சுமங்கலித் திட்டம் என்ற பேரில் கல்யாணச் செலவுக்குப் பணம் சேர்க்க வந்த தலைமுறையிலிருந்து இன்றுவரை, பதின்வயது முடியாத பெண்கள் ஆலை வளாகத்துக்குள் வாழ்கிறார்கள். ரெய்க்ஸும் கார்டினும் யாருக்காக இதையெல்லாம் தொடங்கினார்களோ அவர்கள் இவர்கள்தான். பார், ஆராய், செயல்படு என்ற கார்டினின் முறை இவர்களின் வாழ்க்கைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். நகரச் சபைகளின் வாலிபர் பணி நடுத்தர வகுப்புப் பிள்ளைகளின் கிட்டாரில் செலவாகிறது.

பாதுகாப்பைப் பேசாமல் இந்த ஆய்வு முழுமை பெறாது. 2025 ஏப்ரலில், இளைஞர்களிடையே பேர் பெற்ற கோவைப் போதகர் ஒருவர் சிறுமியர் தொடர்பான புகாரில் போக்சோ சட்டத்தின்கீழ் கைதானார். குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லும். சபைகள் கற்க வேண்டியது அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் பேச்சு இல்லாத பிள்ளை, தன் பேச்சைக் கேட்கிற முதல் பெரியவரிடம் முழுதாகச் சாய்ந்துவிடும். அந்தப் பெரியவர் நல்லவராக இருந்தால் பிழைத்தோம். முகாமுக்குப் பெண் பொறுப்பாளர், தனியறை ஆலோசனைக்குத் தடை, நள்ளிரவு வாட்ஸ்அப்புக்குத் தடை, சிறார் உதவி எண் 1098 சுவரில்: இவையெல்லாம் அவிசுவாசத்தின் அடையாளம் என்று ஒரு மூப்பர் நினைத்தால் அவரை வாலிபர் பணியிலிருந்து விடுவிப்பது நல்லது. வேற்று மதத்துப் பிள்ளைகள் நண்பர்களோடு கூடுகைக்கு வருவதிலும் இதே ஒழுங்கு வேண்டும். பள்ளிச் சமய போதனைக்கு, மாணவர் சிறார் என்றால் பெற்றோர் சம்மதம் தேவை என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது கூறு சொல்கிறது. சபைக்கு அந்தக் கூறு நேராகப் பொருந்தாது, நாணயம் பொருந்தும். நம் பிள்ளையை நமக்குத் தெரியாமல் இன்னொருவர் அழைத்துப் போனால் பொறுப்போமா?

நல்ல அறிகுறிகளும் உண்டு. இளைஞர்கள் பற்றி 2018இல் நடந்த ஆயர் மாமன்றமும், அடுத்த ஆண்டு போப் பிரான்சிஸ் எழுதிய அறிவுரை மடலும், இளைஞரின் உண்மைக் கேள்வி வெளிவருமுன்பே தயார்ப் பதிலை நீட்டும் பழக்கத்தைத் திருச்சபையின் குறையாகவே ஒப்புக்கொண்டன. கல்லூரிகளில் 1954 முதல் இயங்கும் இந்திய நற்செய்தி மாணவர் ஒன்றியத்தின் சிறு குழுக்கள், மாணவர்களே நடத்தும் வேதபாடத்தால் கேள்விக்கு இடம் கொடுத்தவை. கோவையின் பொறியியல், வேளாண் கல்லூரி விடுதிகளில் படித்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் அது கல்லூரி வயது. பதின்மூன்றிலிருந்து பதினேழுவரை அப்படி ஓர் இடம் இல்லை.

பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேட்டதும் வினவியதும் லூக்காவில் இருக்கிறது. மூன்று நாள் தேடிய தாய் கடிந்துகொள்கிறாள், பையன் பதில் சொல்கிறான், பெற்றோருக்கு அது புரியவில்லை. புரியவில்லை என்று நற்செய்தியாளரே எழுதிவிட்டார். புரியாததைத் தாய் மனதில் வைத்துக்கொண்டாள், அடித்துத் திருத்தவில்லை. பிள்ளையின் எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்ற பயத்தில்தான் பல பெற்றோர் பேச்சையே தொடங்குவதில்லை. அந்தப் பயம் தேவையற்றது. "எனக்கும் அது தெரியல கண்ணு, நானும் அதக் கேட்டிருக்கேன்" என்று ஒரு தகப்பன் சொன்னால் விசுவாசம் குலைந்துவிடாது. அப்பாவும் தேடுகிறார் என்று தெரிந்தால் பிள்ளைக்குத் துணை கிடைக்கும்.

உபாகமம் ஆறாம் அதிகாரம் பேச்சுக்கு இடம் குறிக்கும்போது ஆசரிப்புக் கூடாரத்தைச் சொல்லவில்லை; வீட்டில் உட்கார்வதையும் வழி நடப்பதையும் படுப்பதையும் எழுவதையும் சொல்கிறது. நம் கணக்கில் அது டூவீலரில் டியூஷனுக்குக் கொண்டுபோய் விடும் நேரம், ராத்திரி தோசைக்கல் முன்னால் நிற்கும் நேரம்.

ஆகவே சபைக் கமிட்டியாருக்கும் பங்குப் பேரவையாருக்கும் ஒரு வேண்டுகோள். வாலிபர் நிகழ்ச்சிகளில் பாதியை ஓர் ஆண்டு நிறுத்திப் பாருங்கள். அந்தப் பணத்தையும் நேரத்தையும் பெற்றோர் மீது செலவிடுங்கள். பிரசங்கம் வைக்காதீர்கள். மாதம் ஒரு மாலை, பெற்றோரையும் பதின்வயதுப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து, பிள்ளைகள் பேர் போடாமல் எழுதிக் கொடுத்த கேள்விகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசியுங்கள். பிரசாதம், சாதி, சான்றிதழ் மூன்றும் முதல் மாதமே வரும். வராவிட்டால் பிள்ளைகள் இன்னும் உங்களை நம்பவில்லை என்று அர்த்தம். அடுத்த மாதமும் பெட்டியை வையுங்கள்.